நெஞ்சில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

நினைவாற்றல் பற்றிக் கேட்க விரும்புவதை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. சிலவற்றுக்கு அப்படி முடித்துவிட மனம் வரவில்லை.

கேள்வி: என் மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான். இரவு ஒரு மணி வரை விழித்திருந்து, பாடநூலில் மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் படிக்கிறான். கேட்டால் "எல்லாம் தெரியும் அம்மா" என்கிறான். தேர்வுத்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுகிறான். அவனுக்கு நினைவாற்றல் குறைவா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: குறைவு என்று நினைக்காதீர்கள். "எல்லாம் தெரியும்" என்று உங்கள் மகன் சொல்வது பொய்யும் அன்று. பார்த்தால் தெரிவது ஒன்று, பாராமல் சொல்வது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றென்று நம்பிவிடுவதுதான் அவனுடைய சிக்கல்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பணப்பையிலிருந்து எடுக்காமல், பத்து வெள்ளி நோட்டை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். முன்பக்கத்தில் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எண் எந்த மூலையில் இருக்கிறது, பின்பக்கத்தில் என்ன படம் என்று கேட்டால் பலருக்குப் பேனா நின்றுவிடும். பின்பக்கத்தில் இருப்பவை விளையாட்டுக் காட்சிகள். ஆயிரம் முறை கையாண்ட நோட்டு, கண்டால் ஒரு நொடியில் அடையாளம் தெரிகிறது, ஆனாலும் வரைய முடியவில்லை. 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்கள் நாட்டு ஒரு காசு நாணயத்தை வைத்து இதையே கண்டறிந்தார்கள். உங்கள் மகன் ஐந்தாம் முறை படிக்கும்போது பக்கம் பழகிய முகமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தையே அவன் அறிவென்று எண்ணிக்கொள்கிறான். தேர்வோ பக்கத்தைக் காட்டாமல் கேட்கிறது.

ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அதற்குப் பிறகு தேய்வு மெதுவாகி, ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. பொருள் விளங்கிய பாடம் இவ்வளவு விரைவாகப் போவதில்லை. ஆயினும் தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே மூச்சில் ஏற்றியது ஏன் நிற்பதில்லை என்பதை இந்த அளவீடு காட்டுகிறது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்த சோதனை இன்னும் நேரடியானது. ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழாயிற்று: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நினைவிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கும் செயலே அதை உறுதிப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பெரியவர்கள் இதை எண்களில்லாமலே அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாட்டையும் செய்யுளையும் சட்டாம்பிள்ளையின் முன் நின்று ஒப்பித்தார்கள். மனப்பாடம் என்றாலே இப்போது பலர் முகம் சுளிக்கிறார்கள். பொருள் தெரியாமல் ஒப்பிப்பதில் பயனில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஏட்டைப் பாராமல் சொல்லிப் பார்க்கும் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கைவிட்டது நமக்கு இழப்புதான்.

ஆகவே மஞ்சள் மையை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு பகுதியைப் படித்ததும் நூலை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதட்டும். பிறகு நூலைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் ஒரு முறை, நான்கு நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை இதையே செய்யட்டும். முதல் வாரம் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மனம் சோர்வான். அந்தத் திணறல்தான் வேலை நடப்பதற்கு அடையாளம் என்று அவனிடம் சொல்லுங்கள். இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதையும் நிறுத்த வேண்டும். பகலில் பதிந்தவற்றை மூளை உறக்கத்தில்தான் நிலைப்படுத்துகிறது. உறக்கத்தைக் குறைப்பவன் படித்ததையே குறைத்துக்கொள்கிறான்.

கேள்வி: எதிர்ப்படுபவரின் முகம், ஊர், வேலை எல்லாம் நினைவுக்கு வருகின்றன, பெயர் மட்டும் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. வயது 52. அஞ்ச வேண்டுமா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: அஞ்ச வேண்டாம். ஒருவரைத் தையற்காரர் என்று சொன்னால் ஊசி, அளவு நாடா, தையல் இயந்திரத்தின் ஓசை என்று பற்றிக்கொள்ளப் பல கொம்புகள் உண்டு. அவர் பெயர் ரமேஷ் என்றால் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. பெயர் தனித்து நிற்பதால் அதற்குச் செல்லும் வழியும் ஒற்றை வழியாக இருக்கிறது. வயது ஏற ஏற அவ்வழி மெலிவது இயல்பே. இந்த நிலையை 1966இல் ஆராய்ந்த பிரௌன், மெக்நீல் இருவரும், சொல் வராத நேரத்திலும் அதன் முதலெழுத்தும் அசைகளின் எண்ணிக்கையும் பலமுறை சரியாக வந்துவிடுவதைக் கண்டார்கள். அதாவது, அது அழிந்துபோகவில்லை, எட்டவில்லை, அவ்வளவுதான். அகர வரிசையில் ஓர் எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள், வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகு தானாக வரும்.

கேள்வி: வல்லாரைக் கீரையும், கடைகளில் விற்கும் ஜிங்கோ மாத்திரையும் நினைவாற்றலைப் பெருக்குமா? (தோ பாயோ வாசகி)

பதில்: தேக்கா சந்தையில் வல்லாரை கிடைத்தால் துவையல் அரைத்து மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், மலாய்க்காரர்களும் பெகாகா என்று அதை விரும்பி உண்கிறார்கள். நல்ல கீரை. ஆனால் உண்பவரின் நினைவாற்றல் கூடும் என்று சொல்லத்தக்க உறுதியான சான்று இல்லை. பிரம்மி என்ற பெயரில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் இரண்டுமே விற்கப்படுகின்றன, அவை வேறு வேறு செடிகள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜிங்கோவைப் பற்றிச் சற்று உறுதியாகவே சொல்லலாம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் பல ஆண்டுகள் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், அது முதுமை மறதி நோய் வருவதைக் குறைக்கவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: 1986இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சீருடையோடு பள்ளியிலிருந்து வரும் வழியில் ஓவன் ரோடு முனையில் தூசிமண்டலத்தை நான் கண்ணால் பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. என் அண்ணனோ, நான் அன்று அவரோடு வீட்டில் இருந்ததாகவும், இருவரும் தொலைக்காட்சியில்தான் பார்த்ததாகவும் அடித்துச் சொல்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இது சண்டையாகிறது. சென்ற ஆண்டு அவர் "நீ பொய் சொல்கிறாய்" என்று பிள்ளைகள் முன் சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி? (ஈசூன் வாசகர்)

பதில்: யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பதிவில் உள்ளவற்றை முதலில் பார்ப்போம். அந்த ஹோட்டல் இருந்த ஆறு மாடி லியன் யாக் கட்டடம் 1986 மார்ச் 15ஆம் தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் கொள்ளாமல் வடிவமைத்திருந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. அன்று சனிக்கிழமை. நீங்கள் சீருடையில் பள்ளியிலிருந்து வந்ததாகச் சொல்வதை இது சற்று அசைக்கிறது. ஆனால் சனிக்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கைக்குப் பள்ளி சென்ற பிள்ளைகள் பலர் இருந்தார்கள் என்பதால், அது ஒன்றை வைத்தே முடிவு கட்டவும் இயலாது.

அதே ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட சற்று நேரத்தில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உளவியலாளர் உல்ரிக் நைசர் அட்லாண்டாவிலுள்ள தம் பல்கலைக்கழகத்தில் 106 மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரைத் தேடிப்பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். நான்கில் ஒருவர் சொன்னது முதலில் எழுதியதோடு ஓரிடத்திலும் பொருந்தவில்லை. சமய வகுப்பில் இருந்தபோது சிலர் வந்து சொன்னதாக முதலில் எழுதிய ஒரு மாணவி, விடுதி அறையில் தோழியோடு தொலைக்காட்சியில் பார்த்ததாகப் பின்னர் கூறினார். இருப்பினும் அவர்கள் மிகுந்த உறுதியோடு பேசினார்கள். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் முதல் நினைவு எவருக்கும் திரும்பவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உறைத்தது அதுதான்: புதிய நினைவு பழையதற்குப் பக்கத்தில் வந்து அமரவில்லை, அதன் இடத்திலேயே அமர்ந்துவிட்டது.

இது எப்படி நிகழ்கிறது? நினைவு பெட்டியில் வைத்த நிழற்படம் போன்றதன்று. ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஓசை, இடம், அச்சம் ஆகியவை மூளையின் வெவ்வேறு பகுதிகளில் தங்குகின்றன. அவற்றைக் கோத்துத் தருவது, காதுகளுக்கு நேரே மூளையின் உட்புறத்தில் இருபக்கமும் கடற்குதிரை வடிவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸ். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அந்தக் கோவை புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டும்போது, இடையில் கேட்டதும் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் கரீம் நாடெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டது இதற்கு வலுச் சேர்க்கிறது: நிலைத்துவிட்டதாகக் கருதப்பட்ட அச்ச நினைவு, அதைத் தூண்டி எழுப்பிய சிறிது நேரத்திற்கு மட்டும் மீண்டும் நெகிழ்ந்து, புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தால் மங்கிப்போயிற்று. மேலே மாணவனுக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. நினைவிலிருந்து எடுப்பது நினைவை உறுதியாக்குகிறது. எடுக்கும் நேரமே அது மாறக்கூடிய நேரமும் ஆகிறது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். மீட்புப் பணி நடந்த நாள்களில் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் அந்த இடிபாடுகளைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஓவன் ரோடு முனை உங்களுக்கு நடந்து பழகிய இடம். பதினான்கு வயதுப் பையனின் மனத்தில் அந்தப் படங்கள் தெரிந்த முனையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதேபோல் உங்கள் அண்ணனும், வேறொரு நாள் மாலையில் உங்களோடு பார்த்த செய்தி ஒளிபரப்பை முதல் நாளுக்கு மாற்றி வைத்திருக்கலாம். நாற்பது ஆண்டுகளாகத் தீபாவளிக்குத் தீபாவளி இருவரும் எடுத்துச் சொல்லி இறுக்கிக்கொண்டது அந்தக் காலைப்பொழுதை அல்ல, சொல்லிச் சொல்லி வந்த கதையை. "கண்ணை மூடினால் தெரிகிறது" என்பது காட்சி எவ்வளவு தெளிவானது என்பதைக் காட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

அன்றைய நாள்குறிப்போ, பள்ளியின் வருகைப் பதிவோ, அந்த வாரத்தில் யாராவது எழுதிய கடிதமோ கிடைத்தால் வழக்கு தீரும். கிடைக்காவிட்டால், வரும் தீபாவளியில் பிள்ளைகள் முன் ஆளுக்கொரு காகிதம் எடுத்து, நீங்களும் அண்ணனும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 81. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். காலையில் சாப்பிட்டதைப் பதினொரு மணிக்கு மறந்துவிடுகிறார். ஆனால் அந்தக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் "அப்பா வேலை முடிந்து வந்துவிட்டாரா?" என்று கேட்கிறார். என் தாத்தா இறந்து ஐம்பது ஆண்டு ஆகிறது. உண்மையைச் சொல்லித் திருத்துவதா, விட்டுவிடுவதா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அம்மா பூத் தொடுப்பது மட்டும் மறக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோயைத் தணிக்க மூளையில் அறுவை மருத்துவம் செய்து, இருபக்கத்து ஹிப்போகேம்பஸின் முன்பகுதியையும் நீக்கினார்கள். வலிப்பு தணிந்தது. ஆனால் அன்று முதல் 2008இல் இறக்கும் வரை அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் மனத்தில் இருத்த முடியவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின்மேல் கோடு இழுக்கும் பயிற்சியைக் கொடுத்தார். மூன்று நாளில் அவர் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்குமுன் இதைச் செய்ததே இல்லை என்றார். நிகழ்ச்சியை நினைவில் வைப்பது ஓரிடம், கைப்பழக்கத்தை வைப்பது வேறிடம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

உங்கள் அம்மாவின் விரல்கள் இரண்டு மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து, நூலைச் சுற்றி, பெருவிரலால் அழுத்தி இழுக்கும்போது, அவர் எதையும் நினைவுகூர வேண்டியதில்லை; காலையில் இட்லி சாப்பிட்டதைச் சொல்ல நினைவுகூர வேண்டும். முதுமை மறதி நோயில் மிகப் பரவலான ஆல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸையும் அதன் அண்டைப் பகுதியையுமே. ஆகையால் புதியது பதிவதில்லை. பல்லாண்டுகள் பலமுறை எடுத்துப் பார்க்கப்பட்ட இளமைக்கால நினைவுகளோ மூளையின் புறப்பகுதியில் பரவி வேரூன்றியிருப்பதால் நெடுநாள் தாங்குகின்றன. பிரெஞ்சு அறிஞர் ரிபோ இந்த ஒழுங்கை 1881லேயே எழுதிவைத்தார். அம்மாவுக்கு அண்மைக்காலம் பதியாதபோது, கையில் இருக்கும் காலம் செம்பவாங் காலம்தான். சாயங்காலம் அங்கே அப்பா வேலையிலிருந்து வரும் நேரம்.

திருத்துவதைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் தகப்பனாருக்கு இந்நோய் வந்தபோது, அவர் தம் அண்ணனைக் கேட்கும்போதெல்லாம், "பெரியப்பா இறந்துவிட்டார் அப்பா" என்று நான் சொன்னேன். உண்மையை மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் அந்தச் செய்தியை முதன்முறையாகக் கேட்டு அழுதார். துக்கம் பதிந்தால்தானே ஆறும்? அவருக்கு அது பதியவும் இல்லை, ஆறவும் இல்லை. நான்தான் நாள்தோறும் ஒரு சாவுச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓராண்டுக்குப் பிறகே நிறுத்தினேன். அதற்குப் பின், "பெரியப்பா உங்களோடு என்னவெல்லாம் விளையாடுவார்?" என்று கேட்கத் தொடங்கினேன். அரை மணி நேரம் பேசுவார். பேசி முடித்ததும் தேடுவதை மறந்திருப்பார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா கேட்கும்போதும், "தாத்தா வந்ததும் முதலில் என்ன கேட்பார், தேநீரா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதினாலும், உங்கள் அம்மாவுக்கு இருப்பது இந்நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள், காது மந்தம் ஆகியவையும் இதுபோன்ற தோற்றத்தைத் தரும். அவற்றில் சில, கவனித்தால் சீராகும். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. பத்தாண்டு கழித்து நடந்த அடுத்த ஆய்வில் அது 8.8 விழுக்காடாக இருந்தது. நம் சமூகத்தில் இதை "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று ஒதுக்கிவிட்டு, வழிதவறிப் போன பிறகு மருத்துவரிடம் ஓடுகிறோம். அது என்னை வருத்துகிறது.

முதலில் பக்கத்திலுள்ள பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையானால் அங்கிருந்து மருத்துவமனையின் நினைவாற்றல் மருந்தகத்திற்கு அனுப்புவார்கள். அம்மா உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எந்த வேலை முதலில் தடுமாறியது, சமைப்பதா, காசு எண்ணுவதா, பேருந்து எண்ணைப் பார்ப்பதா என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டால் அம்மா தெரியாமல் விழிக்கக்கூடும். அது மறதியாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே சோதனையைத் தமிழில் செய்ய வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.